நீலக்கொம்பும் புற்றுமண்ணும்

மக்கா கோமதி, ஏலே சங்கரு, வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்குள் நீங்கள் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதில் நான் மேடையில் ஆடினேன் என்று வேறு சேர்த்துச் சொல்லுகிறீர்கள். நான் ஆடவில்லை, ஓடினேன். பத்தாங்கிளாஸோடு நின்றவன் எழுதினாலும், நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால்தான் எனக்கு நியாயம் கிடைக்கும். (எழுத எழுத நியாயம் உங்கள் பக்கமே போய்க்கொண்டிருக்கிறது. அது வேறு விஷயம்.)

கோமதி, சென்னையில் படக்கதை, சினிமா, வீடியோ கேம் ரசிகர்கள் கூடுகிற பெரிய விழா, அதில் காஸ்பிளே போட்டி என்று நீ சொன்னபோது எனக்குப் பாதிதான் விளங்கியது.

"அப்படின்னா என்னட்டி?"

"பிடிச்ச கேரக்டர் மாதிரி வேஷம் போட்டு, மேடையில நடிக்கணும்ப்பா."

"குலசை தசரா மாதிரின்னு சொல்லு!"

"எப்பா, அதில்லப்பா..."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தசராவுக்குக் குரங்கு வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கியவன் நான். எனக்கா வேஷம் தெரியாது? சனி அங்கேயே பிடித்துவிட்டது.

நமக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது. நீ ஜெயித்தால் அனிமேஷன் படிப்பு. தோற்றால் நான் சொல்லுகிற பி.காம். அதற்காகத்தான் லீவு முழுக்க யோகா பாயை வெட்டிக் கவசம் செய்தாய். ஏதோ ஜப்பான் படக்கதையில் வருகிற நீலக்கொம்பு அரக்கியாம். நம் மிக்ஸி ரிப்பேர் கடையில் இருந்த பசை டப்பா மொத்தமும் அந்தக் கொம்புக்குள்தான் போனது.

விழா மண்டபத்தில் நம்மூர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தேர் இழுக்கக் கூப்பிட்டால் முதுகுவலி என்கிற வயசுப் பிள்ளைகள், முதுகில் றெக்கை கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார்கள். பிளாஸ்டிக் வாளுக்குக் கொடுத்த காசில் நிஜ அரிவாளே நாலு அடிக்கலாம். தண்ணீர் பாட்டில் விலையைக் கேட்டபோது எனக்கே அருள் வந்துவிடும் போலிருந்தது. வாசலில் உடம்பெல்லாம் சிவப்பும் பின்னால் வாலுமாக ஒருத்தர் நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்த கிரீடத்தில் ஒரு காசைப் போட்டேன்.

"அங்கிள், இது ஹெல்மெட்!"

"பரவாயில்ல சாமி, வச்சுக்கிடுங்க."

சங்கரு, நீ அப்போதே பத்தடி தள்ளி நடக்க ஆரம்பித்துவிட்டாய்.

போட்டி தொடங்கியது. கோமதி, மேக்கப் கலைந்துவிடும் என்று நீ காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேடையில் சிவப்பு விளக்கு, காதைப் பிளக்கிற மேளம். தலையில் கொம்பு, கண்ணில் ரத்தச் சிவப்பு. முடியை விரித்து, வாளைச் சுழற்றி, உடம்பு நடுங்க நீ போட்ட கூச்சலில் நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். நம் பக்கத்தில், பட்டினி கிடக்கிற பிள்ளை மேளத்துக்கு இப்படி நடுங்கினால் ஒரே அர்த்தம்தானே?

"ஏலே, அக்காளுக்கு அருள் வந்துட்டுலே!"

"எப்பா, அவ நடிக்காப்பா!"

"கண்ணப் பாருலே! நடிப்பா இது?"

சங்கர் என் துண்டைப் பிடித்து இழுத்தான். துண்டு அவன் கையில் இருந்தது, நான் மேடையில் இருந்தேன்.

சட்டைப்பையில் சங்கரன்கோவில் பிரசாதமான புற்றுமண் இல்லாமல் நான் வெளியூர் போனது கிடையாது. எடுத்து நெற்றியில் அப்பினேன். அந்த யானைவிலைத் தண்ணீரை முகத்தில் அடித்தேன். தலை ஆடாமல் இருக்கட்டும் என்று கொம்பைப் பிடித்தேன். கொம்பு கையோடு வந்துவிட்டது. அதற்காக, வந்த சாமியைத் திருப்பி அனுப்பாமல் விடமுடியுமா?

"கோமதி, மலையேறு தாயே! சின்னப்பிள்ள தாங்காது, மலையேறு!"

நீ உதடு அசையாமல் சொன்னாய்: "எப்பா, எறங்குப்பா."

"நீ மொதல்ல எறங்கு தாயே!"

அரங்கம் அதிர்ந்தது. மைக் பிடித்த பெண் ஓடிவந்து, "சூப்பர் அங்கிள்! நீங்க எந்த சீரிஸ் கேரக்டர்?" என்றாள்.

"சங்கரன்கோவில்" என்றேன்.

நடுவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் நடிப்பு பாதியில் நின்றதால் போட்டியில் சேர்த்தி இல்லை என்றுவிட்டார்கள். கீழே இறங்கினால் என்னோடு செல்பி எடுக்க வரிசை. ஒரு பையன் நெற்றியை நீட்டினான். அவனுக்கும் புற்றுமண் பூசினேன். உன்னோடு படம் எடுக்கத்தான் யாருமே வரவில்லை.

ரயிலில் நீலம் வழிந்த முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்ட நீ, விடிந்து ராஜபாளையம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"இன்னும் ஒரே ஒரு வசனம் இருந்துச்சுப்பா. அதுக்குத்தான் எல்லாமே." கன்னத்து நீலத்தைத் துடைத்துக்கொண்டே, "சரி, பி.காமே சேருதேன்."

"ஏட்டி, தோத்தது நானுல்லா? நீ படம் வரையவே படி" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வேறு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது?

இப்போது கோமதி லீவுக்கு வரும்போதெல்லாம், உங்கள் அம்மா கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் இரண்டு பேரும் கையெடுத்து, "மலையேறு தாயே!" என்கிறீர்கள். கரண்டி பறந்து வருவது என்னை நோக்கி.

கோமதி, உன்னை ஹாஸ்டலில் விட்டுவந்த மறுநாள் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். அன்று கையோடு வந்த கொம்பை மிக்ஸி ஜாடிகளுக்கு நடுவே ஒளித்துவைத்திருந்தேன்; அதை எடுத்து, பசை போட்டு ஒரு பட்டையில் ஒட்டி, காயவைத்து, தலையில் மாட்டினேன். சங்கரிடம் கேட்டு வைத்திருந்த உன் கடைசி வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்: "இது என் மலை. யார் சொன்னாலும் இறங்கமாட்டேன்!"

குரல் பத்தவில்லை. தெருவுக்குக் கேட்காமல் இருக்க, ரிப்பேருக்கு வந்திருந்த மிக்ஸியை மூன்றாம் வேகத்தில் ஓடவிட்டு, இன்னொரு தடவை தொண்டை கிழியக் கத்தினேன்.