இரண்டாவது உருண்டை

எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு. மானம் போன நிமிடம்கூட அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். என்னுடையது மாலை 4.15.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணியின் இழையை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் வேர்த்து, திக்கி, காப்பியைக் கொட்டிவிட்டு வந்திருந்தேன். நான்காவது வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பெண் நர்ஸ். போட்டோவைப் பார்த்ததும் இவள்தான் என்று முடிவாகிவிட்டது. (முடிவு செய்தது நான் மட்டும்.)

கூட வேலை பார்த்த செல்லையா ஒரு லேகியம் கொடுத்தான்.

“கஞ்சா எல சேத்ததுதாம்லே. சுண்டைக்காய் அம்புட்டு போடு. படபடப்பு நின்னுரும்.”

மதியம் 2.30க்கு ஓர் உருண்டை. 3.10 வரை ஒன்றுமே இல்லை. இழை குறைந்தால் கூட்டத்தானே வேண்டும்? இன்னோர் உருண்டை போட்டேன், முன்னதைவிடப் பெரிதாக. பிறகு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

பெண் வீட்டில் பால்கோவா கொடுத்தார்கள். அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கரைக்க வாயில் எச்சில் இல்லை. நெஞ்சு தறிபோல அடித்தது. (அடிக்காமலிருக்கத்தான் தின்றேன்.) சாகப்போகிறேன் என்று உறுதியானதும், முறைப்படி பாக்கெட் டைரியை எடுத்துக் குறிக்கத் தொடங்கினேன்.

“மணி என்ன மாமா?”

“நாலேகால், மாப்ள.”

ஒரு யுகம் கழித்து மறுபடி கேட்டேன்.

“நாலேகால்தான். முள்ளு இன்னும் நகரலையே!” என்றார் பெண்ணின் அப்பா.

“ஏலே, பொண்ணு வந்துருச்சு, பாருலே” என்று அம்மா தொடையைக் கிள்ளினாள்.

வந்தவள் என் சிவந்த கண்களை உற்றுப் பார்த்தாள். நேராக வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். (சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.)

“நூத்தி முப்பது அடிக்கி. வாய் காயுதா? கஞ்சாவா? எத்தன மணிக்குத் தின்னிய?”

டைரியை நீட்டினேன். அவள் அப்பா வாங்கிச் சத்தமாக வாசித்தார். “2.30, கஞ்சா லேகியம், ஒன்று. பலன் இல்லை. 3.10, இரண்டாவது. 4.15, சாகிறேன். பெண் அழகு.”

“பொகைய இழுத்தா நுரையீரல் வழியா சட்டுனு ஏறிரும்” என்றாள் அவள். “தின்னா வயித்துல எறங்கி, ஈரலுக்குப் போயி, அங்க இன்னும் வீரியமாகித்தான் தலைக்கு வரும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம்கூட ஆவும். இவரு நாப்பது நிமிசத்துக்கு மேல பொறுக்கல. இப்ப ஏறிருக்கது மொத உருண்டதான். ரெண்டாவது இனிமேத்தான் வருது.”

“மாத்து மருந்து இல்லையா தாயி?” என்று அம்மா அழுதாள்.

“கெடையாதும்மா. தண்ணி குடுத்துப் படுக்கப் போடுங்க. தானா எறங்கும்.”

அவர்கள் வீட்டுப் பாயில் இருட்டும்வரை கிடந்தேன். அரைமணிக்கொரு தடவை அவள் என் நாடி பார்த்தாள். என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான மாலை அது என்று சொல்லலாம். ஆனால் பாதி நினைவில்லை. மறுவாரம் பதில் வந்தது: “நோயாளிய டூட்டியில பாக்குறது போதும். வீட்லயும் வேணாம்.”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்து, நாடி பிடித்துப் பார்த்து, சிரித்துச் சிரித்து வழியனுப்புகிறார்கள். இதுவரை ஏழு பேர் போயிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நாடி பிடிக்கிற வேலை மட்டும் என்னுடையது. வீட்டில் வேறு வேலை இல்லாத பிரம்மச்சாரி நான் ஒருவன்தான்.