உட்காருதல் ஒழிப்பு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம் என்கிறார்கள். சக்கரத்தைக் கண்டுபிடித்தது அதைவிடப் பெரியதாம். இரண்டையும் தூக்கிச் சாப்பிடும்படியான காரியம் ஆந்திர ராஜ்யம் பிறந்து ஐந்தாறு வருஷம் கழித்து, நகரியிலிருந்து விஜயபுரம் போகும் சாலையில், மூன்றாவது மைல் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் நடந்தது. உழைக்கிற ஜனங்கள் ஏன் ஆரோக்கியமாக இல்லை என்பதை அங்கேதான் விஞ்ஞான முறைப்படி கண்டுபிடித்தார்கள். அந்த விஞ்ஞானத்துக்கு உடம்பைக் கொடுத்த பாக்கியசாலி அப்பாவு.

அப்பாவு திமிசு போடுகிறவர். திமிசு என்பது அடியில் இரும்புப் பூண் கட்டிய கனத்த மரக்கட்டை. கொட்டிய ஜல்லியின் மேல் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டால் சாலை சமமாகும், போடுகிறவன் இடுப்பு மேடுபள்ளமாகும். அவருக்கு வயது நாற்பது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வேலை, அதற்குமேல் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் வேலை. காண்ட்ராக்டர் ரங்கையாவுக்கு அவசரம். மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே விழும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. விழுந்த பிறகு அந்தச் சாலை எந்த ஆபீசர் கையில் போகுமோ! அதனால் விழுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அந்தச் சாலையில் ஒரு சட்டம் இருந்தது. மேஸ்திரி முனிகிருஷ்ணன் போட்ட சட்டம். பீடி பற்றவைத்தவன் உட்காரலாம். பீடி அணைந்தால் எழுந்துவிட வேண்டும். பீடி இல்லாமல் உட்கார்ந்தவன் சோம்பேறி. எவ்வளவு கருணையுள்ள சட்டம் பாருங்கள்! மேஸ்திரியே பீடிப் பிரியர் ஆனதால், பீடிக்காரன் படும் பாடு அவருக்குத் தெரியும். பீடி இல்லாதவனுக்கும் இடுப்பு உண்டு என்பதுதான் தெரியாது.

பெண்களுக்கு வேறு சட்டம். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் உட்காரலாம். அதனால் அந்தச் சாலையில் நாலு வயதுப் பிள்ளைகளெல்லாம், பல் முளைத்து, முறுக்குக் கடிக்கிற பிள்ளைகள், பால் குடித்தன. அப்பாவுவின் சம்சாரம் பொன்னியம்மாள் ஜல்லிக் கூடை சுமப்பவள். அவளுடைய பிள்ளை வளர்ந்துவிட்டதால் பக்கத்துக்காரி பிள்ளையைத் தினம் இரண்டு தடவை இரவல் வாங்கி உட்காருவாள். அந்தப் பிள்ளை எல்லோருக்கும் பொதுச் சொத்து.

அப்பாவுவுக்குப் புகை ஆகாது. ஒரு இழுப்புக்குப் பத்து இருமல். ஆனாலும் தினம் பன்னிரண்டு பீடி செலவழித்தார். பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொள்வார். பீடி பொல்லாதது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். ஆகவே குனிந்து, கையால் மறைத்து, அடுப்பூதுவது போல நுனியைப் பதமாக ஊதுவார். பதமாக ஊதினால் ஏழு நிமிஷம். பன்னிரண்டு ஏழு நிமிஷங்கள்தான் அவர் இடுப்பைச் சாயங்காலம்வரை நிறுத்தி வைத்தன. இடுப்பு நின்றால்தான் மறுநாள் வேலை. ஒருமுறை தெரியாத்தனமாகச் சுருட்டு வாங்கி வந்துவிட்டார். சுருட்டு முக்கால் மணி எரியும். மேஸ்திரி அதைப் பிடுங்கித் தம் வாயில் வைத்துக்கொண்டு, "கூலிக்காரனுக்குப் பீடி. சுருட்டு செல்லாது ரா" என்று சட்டத்தைத் திருத்தினார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஜீப் வந்தது. "ஜனநல நடத்தை ஆராய்ச்சிக் கழகம்" என்று எழுதிய ஜீப். அதிலிருந்து சித்தூர் தியோடர் இறங்கினார். நல்ல மனிதர், மிஷன் பள்ளியில் படித்தவர், எல்லோரையும் "நீர்" என்று கூப்பிடுகிறவர். கூடவே தெலுங்கில் எழுதிக்கொள்ள சிட்டிபாபு என்ற குமாஸ்தா.

மேஸ்திரி ஆட்களைக் கூட்டி ரகசியமாக எச்சரித்தார். "இதெல்லாம் எல்லைக் கணக்கு ரா. மெட்ராஸ் பக்கம்னு சொன்னா இப்ப வேலை போவும். ஆந்திரா பக்கம்னு சொன்னா, கோடு மாறி விழுந்தப்புறம் போவும். ஜாக்கிரதையா பேசுங்க."

முதலில் அழைக்கப்பட்டவர் அப்பாவு.

"நீர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்?" என்று கேட்டார் தியோடர்.

அப்பாவுவுக்கு வியர்த்துவிட்டது. "மல்லாந்துதான் சார் படுக்கறது. எந்தப் பக்கமும் சாயறதில்ல."

"எத்தனை மணி நேரம் தூங்குவீர்?"

"நாலு மணி."

"ஏன், தூக்கம் வரவில்லையா?"

"தூக்கம் வருது சார். நேரந்தான் வர மாட்டேங்குது."

சிட்டிபாபு எழுதினார்: தூக்கமின்மை உண்டு.

"தேகப்பயிற்சி செய்வதுண்டா?"

"அப்டின்னா இன்னா சார்?"

"கைகால்களை நன்றாக அசைப்பது. தண்டால், பஸ்கி, நடை..."

"வூட்டிலேர்ந்து அஞ்சு மைலு நடந்து வரேன். வந்து நாள் பூரா திமிசு போடறேன்."

"காது காது," என்று தெலுங்கில் மறுத்துக் குறுக்கிட்டார் சிட்டிபாபு. "கூலிக்கு செய்றது பயிற்சி இல்ல. சொந்த இஷ்டத்துக்கு செய்யணும். காண்ட்ராக்டர் ரங்கையா காரு தினம் சாயங்காலம் கோவில் குளத்த சுத்தி நாலு சுத்து நடக்கிறாரே, அது பயிற்சி."

எழுதினார்: தேகப்பயிற்சி இல்லை.

"பீடி?"

பக்கத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். பிடிப்பதில்லை என்று சொன்னால் அத்தனை நாள் உட்கார்ந்தது அம்பலமாகிவிடும். "பன்னெண்டு" என்றார் அப்பாவு, தலையைக் குனிந்துகொண்டு.

தியோடர் வருத்தத்தோடு ஸ்டெதாஸ்கோப் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு அவர் நெஞ்சில் வைத்தார். இடது பக்கம் கேட்டார், வலது பக்கம் கேட்டார், முதுகில் கேட்டார். தினம் பன்னிரண்டு பீடி போகிற நெஞ்சு பள்ளிப் பிள்ளையின் நெஞ்சு மாதிரி இருந்தது. குழாய் கெட்டுவிட்டதோ என்று சிட்டிபாபு நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அங்கே நன்றாகக் கரகரத்தது. குழாய் சரிதான்.

அந்த நேரம் மேஸ்திரி ஜீப் டிரைவரிடம் நெருப்பு வாங்கப் போனார்.

"உண்மையைச் சொல்லும், அப்பாவு. உமக்கு ஒரு கெடுதலும் வராது," என்றார் தியோடர். அவர் அதை மனதார நம்பினார். படித்தவர்களுக்கு அந்தச் சக்தி உண்டு.

"சார், நான் பீடி குடிக்கறதே இல்ல. பத்த வெச்சாதான் உக்கார வுடுவாங்க. உக்காரத்தான் பத்த வெக்கறேன்."

தியோடர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

மறுவாரம் திருப்பதியில் மகாநாடு. ஹாலில் நாலு மின்விசிறி, பதினேழு நாற்காலி. காப்பி, பலகாரம் காண்ட்ராக்டர் ரங்கையாவின் உபயம், ஆகவே அவரும் மேடையில். "ஆதாரம்" என்ற பெயரில் அப்பாவுவை லாரியில் ஏற்றி வந்து மேடை ஓரம் நிறுத்தினார்கள். ஆதாரத்துக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றார். இடது காலில் கொஞ்சம், வலது காலில் கொஞ்சம்.

தியோடர் அறிக்கை வாசித்தார். தொழிலாளி உட்காருவதற்காகப் பீடி பற்றவைக்கிறான் என்ற இடம் வந்ததும் சபை நிமிர்ந்தது.

"அப்போ பீடிக்குக் காரணம் உக்கார்றதா?" என்று கேட்டார் ரங்கையா.

"ஒரு விதத்தில் அப்படித்தான்."

"உக்கார்ற ஆசை போனா பீடி போகும். சால சுலபம்! வேரையே வெட்டிடலாம்." இதைச் சொல்லும்போது அவர் நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்தார்.

தியோடர் பதறிப்போய், "ஓய்வுக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கினால்..." என்று ஆரம்பித்தார்.

"ஓய்வு நம் ஆராய்ச்சியின் எல்லைக்குள் வராது," என்றார் மகாநாட்டுத் தலைவர்.

எல்லை என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் திருத்தணி யாருடையது, சித்தூர் யாருடையது என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் ஹால் அதிர்ந்தது. ஒரு ஊர் விஷயத்திலும் ஒத்துப்போகாத அந்தப் பதினேழு பேரும் ஒரு தீர்மானத்தை மட்டும் ஏகமனதாக நிறைவேற்றினார்கள்: "வேலை நேரத்தில் உட்காருதல் என்னும் தீய பழக்கத்தை ஒழிப்பது." இரண்டு மொழியிலும் அச்சடிப்பதென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை மேஸ்திரி அதைப் படித்துக் காட்டினார். பீடிக்குத் தடை இல்லை. நின்றுகொண்டு பிடிக்கலாம். பால் கொடுப்பதும் நின்றுகொண்டே. பொதுச் சொத்தான அந்தப் பிள்ளை ஒரே நாளில் பால்குடி மறந்தது. ஆராய்ச்சியின் உடனடிப் பலன் என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பாவு இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் திமிசைத் தூக்கினார். அது வந்தது, இடுப்பு வரவில்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஜல்லிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "ஒரேய், இன்னா பண்ணிக்கினு கீற?"

"உக்காந்துகினு கீறேன்."

"கையில பீடிகூட இல்லியே!"

"இல்ல."

"பின்ன எதுக்கு உக்காந்த?"

"இடுப்பு நோவுது."

முனிகிருஷ்ணன் இருபது வருஷ மேஸ்திரி. இப்படி ஒரு காரணத்தை அவர் சர்வீஸில் கேட்டதில்லை. பீடிக்காக உட்கார்ந்தார்கள், பிள்ளைக்காக உட்கார்ந்தார்கள். தனக்காகவே ஒருவன் உட்காருவதா? சுற்றி இருந்தவர்கள் திமிசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் ஜல்லிக் குவியல் மெத்தை மாதிரி தெரிய ஆரம்பித்ததை மேஸ்திரி கவனித்தார்.

"நாளைலேர்ந்து வூட்லயே உக்காந்துக்க, போ!" என்றார்.

ஆட்களை ஜோடியாக எடுப்பதுதான் அந்தச் சாலையின் வழக்கம், புருஷன் திமிசுக்கு, பெண்சாதி கூடைக்கு. ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும். பொன்னியம்மாள் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "வா, போலாம். எழுந்திருக்க முடியுதா?" என்று கை கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஜீப் அவர்கள் குடிசை வாசலுக்கு வந்தது. ஆராய்ச்சி என்றால் சும்மாவா? பலன் எப்படி என்று பார்க்க வேண்டாமா? அப்பாவு பாயில் படுத்திருந்தார். எழுந்திருக்கப் போனவரைத் தியோடர், "வேண்டாம், படும்" என்று தடுத்தார். சிட்டிபாபு காகிதத்தைப் பிரித்தார்.

"பீடி எத்தனை?"

"வுட்டுட்டேன் சார்."

"தூக்கம்?"

"மத்தியானங்கூடத் தூங்கறேன். தூங்கினாதான் வயிறு கேக்கறதில்ல."

சிட்டிபாபு பத்து மணி நேரம் என்று எழுதினார். "நடை?"

"வேலை தேடிக்கினு வடமாலபேட்டை வரைக்கும் போய்ப் பாத்தேன். புத்தூரு, நகரி, எல்லா எடமும். இந்த இடுப்ப பாத்துட்டு யாரும் சேத்துக்கல."

"கூலி இல்லாத நடை!" சிட்டிபாபுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று கட்டத்திலும் "உத்தமம்" என்று எழுதி, தியோடரிடம் காட்டினார். "சார், நானூத்திப் பன்னெண்டு பேர்ல மூணும் உத்தமம் வந்தது ரெண்டே பேர்தான். ஒண்ணு காண்ட்ராக்டர் காரு, இன்னொண்ணு இந்த அப்பாவு!"

தியோடர் காகிதத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மூலையில் சாம்பல்கூட இல்லாத அடுப்பைப் பார்த்தார். அடுப்புக்குக் கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த பொன்னியம்மாள் முன்னால் வந்தாள்.

"இன்னா சார், எங்க ஊட்டுக்காரரு ரொம்ப ஆரோக்கியமா கீறாரா?"

"ஆமாம்மா, ஃபஸ்ட் கிளாஸ்!" என்றார் சிட்டிபாபு.

"அப்ப சட்டுனு எழுதிக்கினு போங்க. இன்னும் ஒரு வாரம் இதே ஆரோக்கியத்துல இருந்தா மனுசன் செத்துப் பூடுவாரு."