சர்க்குலர் சாரின் நன்னெறி வாரங்கள்

அரசு உத்தரவை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சர்க்குலர் சார்தான். உத்தரவு போட்டவர்கள்கூட அதை அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலக்காட்டு நடுவில் எங்கள் தமிழ்ப் பள்ளி. அங்கே அவர் மூத்த ஆசிரியர், நான் இளையவள். பள்ளி திறந்ததும் இரண்டு வாரம் பாடப் புத்தகத்தை மூடிவைத்து, தினம் ஒரு மணி நேரம் நன்னெறி சொல்லித்தர வேண்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து மலையாளத்தில் உத்தரவு வந்தது. நாங்கள் படித்துவிட்டுக் கோப்பில் போட்டோம். சார் அதைத் தமிழில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

முதல் நாள் சுத்தம். பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பதற்கு முன் ஹெட்மாஸ்டரின் நகத்தைப் பார்த்தார். அடுத்த நாள் சாலை விதி. எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு மண்பாதை. அதில் சுண்ணாம்புத் தூளால் வரிக்கோடு போட்டு, வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றி வந்த ஜீப்பை மறித்தார். அளவுக்கு மேல் நான்கு பேர் இருப்பதாகச் சொல்லி இறக்கிவிட்டார். இறங்கிய அக்காமார் வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது. அன்று மாலை சந்தைக்குப் போக அதே ஜீப்பில் ஏறப்போனவர், தன்னோடு சேர்த்தால் ஒரு ஆள் அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நான்கு மைல் நடந்தே போனார்.

வினை ஆறாவது வேலைநாளில் வந்தது. கேரளத்தில் அன்றுதான் பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் எங்களில் ஓர் ஆசிரியருக்கு வேறு பள்ளிக்கு ஸ்தலமாற்றம். போக வேண்டியது இளையவள். காலியிடம் இருந்ததோ மூணாறுக்கு அப்பால் ஒரு பள்ளியில். எனக்குக் கைக்குழந்தை. அன்றைக்கென்று பாடம் வாய்மை.

எண்ண வந்த அதிகாரி நல்ல மனிதர். காலியாக இருந்த மலர்விழியின் இடத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை கை கழுவப் போயிருக்கும், இல்லையா என்று அவரே வழி எடுத்துக் கொடுத்தார். ஹெட்மாஸ்டர் தலையாட்டுவதற்குள் வகுப்பே எழுந்து நின்றது.

"இல்ல சார். மலரு அவுங்க அத்தை கல்யாணத்துக்குப் போடிக்குப் போயிருக்கா."

சர்க்குலர் சார் பூரித்துப்போய்ப் பிள்ளைகளைக் கைதட்டிப் பாராட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மூத்தவர் என்பதும் மறந்துபோனது. அதிகாரி போனதும் பிடித்துக்கொண்டேன்.

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க சார் போவேன்? இதுக்கு எந்த சர்க்குலர்ல பதில் இருக்கு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த உத்தரவை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார்.

"தேடிப் பாக்குறேன் டீச்சர்" என்றார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தைக் காட்டினார். எனக்குப் பதிலாகத் தானே போவதாகச் சார் எழுதிக் கொடுத்திருந்தார். காரணம் என்ற இடத்தில், 'அந்தப் பள்ளி என் வீட்டுக்குப் பக்கம்' என்று அவருடைய அழகான கையெழுத்து. அவர் வீடு எங்கள் பள்ளி வேலிக்கு அந்தப்புறம் இருக்கிறது. அவர் மனைவி சோறு உண்ணக் கூப்பிட்டால் நான்காம் வகுப்பு வரை கேட்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்னா சார், நீங்களே பொய் எழுதலாமா?"

சார் சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அது ரெண்டு வாரத்துக்குத்தான டீச்சர். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு."

இப்போது அவர் தினமும் இரண்டு பஸ் மாறி மூணாறுக்கு அப்பால் போய் வருகிறார். என் பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும், நன்னெறி என்று நான் முதலில் சொல்லித்தரப் போவது அந்தப் பொய்யைத்தான்.