கராத்தே வகுப்பில் டேங்கர் அண்ணா

டேங்கர் அண்ணா கேள்வி கேட்காத விஷயம் என்று தாம்பரம் வட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்; வயது ஐம்பது. நாற்பத்திரண்டு வயதில் தொப்பையைக் கரைக்க நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்த அதே நாளில் அவரும் சேர்ந்தார். மாஸ்டர் இருபத்தாறு வயதுப் பெண்.

முதல் பாடம் குத்தும் இல்லை, உதையும் இல்லை, கும்பிடு. உள்ளே ஆளே இல்லாவிட்டாலும், வாசலில் குனிந்து வணங்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

"காலி ஹாலுக்கு இன்னாத்துக்கு மாஸ்டர் வணக்கம்?" என்றார் அண்ணா.

"நாம கத்துக்கற இடம் அண்ணா. அதுக்குத்தான்."

அண்ணா யோசித்தார். "நான் லாரி ஓட்டக் கத்துக்கினது வேளச்சேரி ரோட்ல. அங்க குனிஞ்சா பஸ் ஏறிடுமே!"

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு பதில் மனதில் பதிந்துவிட்டால் அண்ணா அதோடு விடமாட்டார். அடுத்த வாரம் எங்கள் அபார்ட்மென்ட் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்தவர், கேட்டில் நின்று இடுப்பை வளைத்து வணங்கினார். வாட்ச்மேன் பயந்துபோய்ப் பதிலுக்கு வணங்கினார். அண்ணா மறுபடி வணங்கினார். பின்னால் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. யார் முதலில் நிறுத்துவது என்பதை மாஸ்டர் இன்னும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மூன்றாம் மாதம் எங்கள் இருவரையும் ஜோடியாக மோதவிட்டார்கள். மேலே படாமல் குத்த வேண்டும் என்பது விதி. அண்ணா கையைச் சரியாக நிறுத்தினார். நான்தான் நிற்காமல் முன்னே போய் அந்தக் கையில் மோதினேன். மூக்கில் ரத்தம், விழுந்தேன்.

"ஐயோ சார்!" என்று அண்ணா பாய்ந்து வந்தார்.

மாஸ்டர் என் மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டே, "கிட்ட வராதீங்க அண்ணா. அந்தப் பக்கம் திரும்பி முட்டி போட்டு உக்காருங்க" என்றார்.

"அடிச்சதே நானு. மூஞ்சியத் திருப்பிக்கினு உக்காரணுமா? இன்னா நாயம் இது?"

"வலிக்கும்போது நம்ம மூஞ்சிய யாராவது பாத்துக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? பாக்காம இருக்கறதும் மரியாதைதான் அண்ணா."

அண்ணா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். திரும்பி மண்டியிட்டார். ரத்தம் நிற்கும்வரை எனக்குத் தெரிந்தது அந்த அகலமான முதுகு மட்டும்தான்.

"சார்... மூக்கு நேரா கீதா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேராத்தான் இருக்கு அண்ணா. வலியே இல்ல."

முழுப் பொய். அவர் கை கண்ணைத் துடைக்கப் போனது. முதுகு மெல்லக் குலுங்கியது.

நான் என் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.