'இல்லன்னா' சாரின் எட்டுப் பேர்

எந்தப் பொருளையும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்று தெரிந்துகொள்ளாமல் நம்பாதவர், பெரிய காஞ்சிபுரத்திலேயே எங்கள் 'இல்லன்னா' சார் ஒருவர்தான். யார் எதைச் சொன்னாலும் "அப்படி இல்லன்னா?" என்று கேட்டுக் கேட்டு, அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் ஒரு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தாக்கள். அடுத்தடுத்த மேஜை. ஒருமுறை குடை வாங்கப் போனோம். கடை வாசலிலேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"ஏம்பா, வாங்கறதுக்கு முன்னாடியே நனைச்சா எப்படி?" என்று கடைக்காரர் அலறினார்.

"வாங்கினதுக்கு அப்புறம் நான் நனைஞ்சா மட்டும் நல்லா இருக்குமா?"

பட்டு நிறுக்கப் புதுத் தராசு வந்தபோது, தட்டில் ஒன்றுமே வைக்காமல் அரைமணி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தார். "சும்மா இருக்கும்போதே பொய் சொல்ற தராசு, பட்டு வெச்சா மட்டும் உண்மை சொல்லுமா?" என்றார். அடுத்து ஒரு சட்டைப் பொத்தானை வைத்தார். கடைசியில் தானே ஏறி உட்கார்ந்தார். தராசின் எல்லை எது என்று அன்றே தெரிந்துவிட்டது. தராசு பழுதுபார்க்கப் போனது.

அப்படிப்பட்டவர் கையில்தான் கம்ப்யூட்டர் வந்து மாட்டியது.

எந்த நெசவாளிக்கு எவ்வளவு பட்டு நூல் என்ற பட்டியலை இனி மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் அச்சடிக்கும் என்றார்கள். அதற்குக் கட்டளை எழுதிய அதிகாரி, டை கட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"ஆயிரம் பேரைப் போட்டு ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு தப்பு இல்ல."

"ஆயிரம் பேருக்கும் எத்தினி தறி சார்?" என்று கேட்டார் 'இல்லன்னா'.

"ரெண்டு, இல்ல மூணு."

"அப்போ நீங்க ஆயிரம் தடவ பாக்கல சார். ரெண்டே தடவதான் பாத்திருக்கிறீங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. எனக்கோ ஆவல் தாங்கவில்லை. சார் ஒரு தாளை எடுத்து, உலகத்தில் இல்லாத எட்டு நெசவாளிகளைப் படைத்தார். ஒருவருக்கு ஒரு தறி. ஒருவருக்குச் சங்கம் அதிகபட்சமாக அனுமதிக்கும் நான்கு தறி. அடுத்தவருக்கு வேண்டுமென்றே ஐந்து. ஒரே தெருவில் ஒரே பெயருடன் இரண்டு பேர். கட்டத்துக்குள் அடங்காத நீளப் பெயர் ஒருவருக்கு. தறி எத்தனை என்றே எழுதாமல் ஒருவர். கடைசி ஆளுக்குத் தறி பூஜ்யம்.

ஒவ்வொருவருக்கும் என்ன பதில் வரவேண்டும் என்பதையும் எழுதி உறையில் போட்டு ஒட்டினார்.

"பதில் வந்தப்புறம் எழுதினா என்னா சார்?" என்றேன்.

"வந்துட்டா, வந்ததே சரின்னு தோணிடும்பா."

"சங்கத்துல இல்லாத ஆளுங்களுக்கு எதுக்குய்யா நூலு?" என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, அந்த எட்டுப் பேரையும் கம்ப்யூட்டரில் ஓட்டி அச்சடித்த தாளுடன் அதிகாரி வந்தார். உறையைப் பிரித்து ஒப்பிட்டோம். ஏழு பேர் சரி. எட்டாவது ஆளைக் காணோம்.

"தறியே இல்லாதவனுக்கு நூல் எதுக்கு? அதான் மெஷின் விட்டுடுச்சு," என்றார் அதிகாரி.

"நூல் வேணாம் சார். பேரு வேணுமே. இந்த லிஸ்ட்டுல பேரு இல்லன்னா அவன் மெம்பரே இல்லன்னு ஆயிடுமே."

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

அந்த மாத மழையில் சுவர் இடிந்து விழுந்து, கன்னியம்மாள் என்ற நெசவாளியின் ஒரே தறி நொறுங்கியிருந்தது. உறுப்பினராக இருந்தால்தான் சங்கம் வேறு தறி கொடுக்கும். உண்மையான பட்டியல் வந்த அன்று காலையிலேயே அந்த அம்மாள் வந்து நின்றாள்.

"என் பேரு இருக்குதா சார்?"

சார் அவள் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். "இருக்குதும்மா. தறி பூஜ்யம். பேரு இருக்குது."

தை பிறப்பதற்குள் அவள் வீட்டில் மறுபடியும் தறி ஓடியது.

சில வருஷம் கழித்து சார் ஓய்வு பெற்றார். மறுநாளே அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். தங்கமான மனிதர், எதைச் சொன்னாலும் உடனே "சரி" என்பார். எனக்குத்தான் வெகுநாள் வேலையே ஓடவில்லை.