காட்டன் வேஸ்ட் களவு

எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணாவிடமே அடையாள அட்டை கேட்ட ஜென்மம் நான். (அவர் எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷமாக வருகிறவர்.) இப்படிப்பட்டவளுக்கு டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைத்தது ஊருக்கே கெட்ட நேரம்.

நாவலூரில் கம்பெனி. தாம்பரம் பக்கம் ராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் ஓர் இடத்தின் ஸ்டோர் விவரங்கள் என்னிடம் வந்தன. எந்த மாதம் எந்தச் சாமான் எவ்வளவு போயிற்று என்று டைம் சீரிஸ் மாடலில் போட்டால், இனிமேல் எப்போது எவ்வளவு தேவைப்படும் என்று அது சொல்லும். அதுதான் வேலை. நான் திருடனைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

மெக்கானிக்குகள் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை குபீரென்று ஏறியது. ஒரு வருஷம் செப்டம்பர், இன்னொரு வருஷம் அக்டோபர். மாட்டிக்கொள்ளாமல் இருக்க மாதத்தை மாற்றி மாற்றி அடிக்கிறான், பலே ஆள் என்று முடிவு கட்டினேன். இன்ஜின் பாகங்களை விட்டுவிட்டு நூல் குப்பையை எவன் திருடுவான் என்று யோசிக்கவே இல்லை.

சாமான் கொடுத்ததற்கான எல்லாச் சீட்டிலும் ஸ்டோர்கீப்பர் டேவிட் சார் கையெழுத்து. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். போகிறதுக்கு முன்னால் சுருட்டுகிறார் என்று, மேனேஜரிடம்கூடக் காட்டாமல், அங்கே புதிதாக வந்திருந்த அதிகாரிக்கு மெயில் தட்டிவிட்டேன். மறுநாள் காலையில் டேவிட் சாரிடமிருந்து ஸ்டோர் சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் அவர் கையில் இருந்த சாவி. என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"இவ்ளோ காட்டன் வேஸ்ட் எங்க போகுது?" என்றார் அதிகாரி.

"ஆயுத பூஜைக்கு சார். அதுக்கு முந்தின வாரம் எல்லா செக்‌ஷன்லயும் மெஷினைத் துடைக்கக் கேப்பாங்க" என்றார் டேவிட் சார்.

பூஜை தேதி வருஷா வருஷம் நகரும். (என் லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தவளே நான்தான்.) அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க சர்ச்சுக்குப் போறவராச்சே சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"துடைக்கக் கேட்டா குடுக்கறது என் வேலை. இதுல சர்ச்சு எங்கம்மா வந்துது?"

சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே பாக்கெட்டில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா. சீட்டுலயே என் போன் நம்பர் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால், வண்டி துடைக்க ஒரு பழைய பனியனையும் கூடவே ஒரு நோட்டையும் நீட்டுவார் என் வீட்டுக்காரர். "கையெழுத்து போட்டு வாங்கிக்கோ தாயி. அப்புறம் என்மேல மெயில் போட்டுடாதே."

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைத் துடைப்பேன்.