நாலுக்குச் சைபர்

"இந்த வாரம் எல்லாச் சீட்டையும் மைக்கில வாசிப்போம்" என்று சனிக்கிழமை காலைப் பூசை முடிவில் சாமியார் அறிவித்ததும், கபிரியேலுக்குக் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன.

கிழக்குத்துறை அணி ஆடும் வாரக்கடைசி லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. யார் எத்தனை கோல் அடிப்பார்கள் என்று எழுதி, கீழே பேரைப் போட்டு, நஜ்முதீன் சாயாக்கடையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு முழு நெய்மீன். இதுவரை ஜெயித்த சீட்டை மட்டும் வாசித்துவிட்டு, மற்றதை அடுப்பில் போட்டுவிடுவார்கள். எவன் என்ன எழுதினான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்குக் கடைசி ஆட்டம், மேற்குத்துறையோடு. ஊர் தங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறது என்று பிள்ளைகள் காதாரக் கேட்கட்டுமே என்று சாமியாருக்குத் தோன்றிவிட்டது. நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றார்கள்?

கபிரியேல் எழுதியிருந்தது இது: மேற்குத்துறை 4, கிழக்குத்துறை 0.

கிழக்குத்துறையின் கோல்கீப்பர் சஜின். கபிரியேலின் ஒரே மகன்.

போன வருடம் இதே மேற்குத்துறையிடம் ஒன்பது கோல் வாங்கியவன் சஜின். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். "நீ போயி நில்லு மக்கா, ஒனக்க அப்பனுக்கு நம்பிக்கை உண்டு" என்று கெஞ்சி அவனைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பியதே கபிரியேல்தான். ஆனால் சீட்டு எழுதும்போது மேற்குத்துறை கடைசி மூன்று வாரம் அடித்த கோல்களைக் கூட்டி மூன்றால் வகுத்துவிட்டார். நாலு வந்தது. தோற்றாலும் வீட்டில் நெய்மீன் குழம்பாவது கொதிக்கட்டும் என்று நினைத்தார். அந்த நேரத்தில் அவருக்குள் தகப்பன் என்று ஒருவன் இருந்த மாதிரியே தெரியவில்லை.

"மைக்கில இதக் கேட்டா அவன் இனி பந்தத் தொடமாட்டான்" என்றாள் மனைவி செசிலி. "போயி எடுத்திட்டு வாருங்க."

"எப்பிடி எடுக்க?"

"டின்னுக்குப் பூட்டு கெடக்கா?"

"நஜ்முதீன்தான்ட்டி பூட்டு."

அது உண்மை. நஜ்முதீன் குளச்சல்காரர், ஊருக்கெல்லாம் 'காக்கா', அதாவது அண்ணன். இரண்டு ஊர்க் கோயில் பங்கிலும் சேராதவர், யாருக்கும் சாயாதவர். அதனால்தான் டின் அவர் கடையில் இருந்தது.

மீன் ஏலம் விடுவது கபிரியேலின் தொழில். ஏலம் முடிந்து கடைக்குப் போனபோது பெஞ்சில் இடமே இல்லை. போன வார முடிவுகளை வைத்து வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது.

"மேற்குத்துறைக்காரன் அஞ்சு அடிச்சது ஒண்ணுக்கும் ஆவாத பயக்ககிட்ட. நம்மகிட்ட நடக்குமா?"

"நமக்கு ரெண்டு, அவனுக்கு ஒண்ணு. எழுதி வச்சுக்க."

"நான் நமக்கு மூணுல்லா போட்டிருக்கேன்."

ஆளுக்கு ஆள் கிழக்குத்துறையை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் கபிரியேலின் நெஞ்சில் குத்தியது.

"என்ன வேணும் கபிரியேலு?" என்றார் நஜ்முதீன்.

சுற்றிலும் காதுகள். "சாயா" என்றார் கபிரியேல்.

குடித்து முடித்ததும் நஜ்முதீன் மறுபடி கேட்டார். "வேற ஏதாவது வேணுமா?"

"இன்னொரு சாயா."

மூன்றாவது சாயாவில் கிழக்குத்துறை அணியின் கோச் ஆன்ட்ரூஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன ஓய், டின்னையே பாத்திட்டு இருக்கீரு?"

"பத்திரமா இருக்கான்னு பாக்க வந்தேன்."

ஆன்ட்ரூஸும் டின்னைப் பார்த்தார். "நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியானால் இரண்டு பேருமே காவலுக்கு இருங்கள் என்று தீர்மானித்துவிட்டார்கள். திருடப் போனவர் காவல்காரர் ஆகிவிட்டார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை இருவரும் டின்னுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபிரியேல் ஒன்பது சாயா குடித்தார்.

அங்கிருந்து நேராகச் சாமியாரிடம் போனார்.

"நாப்பத்தொரு சீட்டு ஃபாதர். வாசிச்சு முடிக்க நேரம் ஆகும். வேண்டாமே."

"எனக்கும் தொண்டை சரியில்ல" என்றார் சாமியார். "நீரே வாசியும். ஏலம் விடுத தொண்டையில்லா."

மறுக்க வாயைத் திறந்த கபிரியேல் மூடிக்கொண்டார். வாசிப்பவன் தன் சீட்டை விழுங்கிவிடலாமே. "சரி ஃபாதர்" என்றார், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"சஜின் பக்கத்தில நின்னு ஒண்ணொண்ணா எடுத்துத் தரட்டும். தகப்பனும் மவனுமா நின்னா பாக்க நல்லாருக்கும்."

இதற்கு முன்னாலேயே எழுந்து போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாற்றி வாசிப்பதற்காக ஒரு புதுச் சீட்டு எழுதினார். கிழக்குத்துறை 1, மேற்குத்துறை 0.

"ஒண்ணுதானா? மூணு போடுங்க" என்றாள் செசிலி.

"வாசிக்கது மவனுக்கு முன்னால. பொய்யாவது அளவா இருக்கட்டும்."

ஆட்டம் நாலு மணிக்கு. கபிரியேல் மகனுடைய கோலுக்குப் பின்னால் நின்றார். மேற்குத்துறைக்காரர்கள் முதல் நிமிடத்திலிருந்தே அடித்தார்கள். சஜின் தடுத்தான். காலால் தடுத்தான், முகத்தால் தடுத்தான், ஒரு பந்தை எப்படித் தடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கபிரியேல் துள்ளினார். துள்ளி இறங்கும்போது நாலு என்று தான் எழுதியது ஞாபகம் வரும். சட்டைப்பையிலிருந்த சீட்டு வியர்வையில் கூழாகிவிட்டது.

இரண்டாம் பாதியில் மேற்குத்துறைக்கு ஒரு பெனால்டி. மைதானமே மூச்சை அடக்கியது. சஜின் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையில் பட்டு வெளியே போனது. எழுந்தவன் கூட்டத்தில் அப்பனைத் தேடிக் கையை உயர்த்திக் காட்டினான்.

கபிரியேல் அழுதுவிட்டார். எனக்க பிள்ளையை நான் என்ன நினைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசி நிமிடத்தில் ஒரு கார்னரில் கிழக்குத்துறை கோல் அடித்தது. ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குச் சைபர்.

மைக் வந்தது. நஜ்முதீன் டின்னைக் கொண்டுவந்து சஜினின் கையில் கொடுத்தார். சஜின் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு கபிரியேலுக்குப் பையில் கைவிட மனம் வரவில்லை. அவர் மைக்கை வாங்கினார்.

"டின்னத் தொறக்கதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். எனக்க மவன் இன்னைக்கு நாலு கோல் வாங்குவான்னு எழுதிப் போட்டவன் நான்தான். பெத்த அப்பன். இந்த ஊர்ல வேற ஒருத்தனும் அவன அப்பிடி நெனச்சிருக்க மாட்டான். மன்னிச்சிரு மக்கா."

ஆன்ட்ரூஸ் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினார். சாமியார் மைக் வயரைச் சரிசெய்தார். பலர் கடலைப் பார்த்தார்கள். சஜின் தலையே நிமிரவில்லை.

"நீ டின்னத் தொற மக்கா" என்றார் கபிரியேல். "மத்தவங்க ஒன்னப் பத்தி என்ன எழுதியிருக்காவன்னு எல்லாருக்கும் கேக்கட்டும்."

சஜின் அசையவில்லை. கபிரியேலே டின்னை வாங்கிக் கவிழ்த்தார். ஒரே ஒரு சீட்டு விழுந்தது. உள்ளே கைவிட்டுத் துழாவினார். வேறு ஒன்றும் இல்லை.

"மத்த நாப்பதும் எங்க காக்கா?"

நஜ்முதீன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"நேத்தும் இன்னைக்குமா ஒவ்வொருத்தரா வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாவ கபிரியேலு, மொதல்ல ஓடி வந்தது ஒமக்க மவன்தான், அவன் மேற்குத்துறைக்கு அஞ்சு போட்டிருந்தான்."